பெர்மிட்டில் எட்டு, லொறியில் பன்னிரண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாள் இருக்கும்போதே எழுதிவிட நினைத்தோம். பெருநாள் வாரத்தில் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள், வாசித்தாலும் கோபம்தான் வரும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் நடந்தது. பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஸுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் மைதானத்து ஓரத்தில் ஒரு லொறி நிற்கிறது. உள்ளே மாடுகள். பெர்மிட்டில் எட்டு, லொறியில் பன்னிரண்டு. இரவு முழுக்க ஓடி வந்திருக்கிறது. நடுவில் ஒரு நாம்பன் விழுந்து கிடந்தது. மற்ற மாடுகள் அதன்மேல் மிதித்துக்கொண்டு நின்றன, அவற்றுக்கும் வேறு இடமில்லை. யாரோ தகவல் கொடுத்து, அரச கால்நடை வைத்தியரான ஒரு சகோதரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் எமது பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். "நம்மட மார்க்கத்துல கை வைக்க வந்துட்டாங்க" என்று ஒரு குரல். "போன் எடுத்து வீடியோ பண்ணுடா" என்று இன்னொரு குரல்.

நாமும் அங்கே நின்றோம். வகுப்பில் விலங்குகளிடம் இரக்கம் பற்றிப் பாடம் நடத்துகிற நாம், ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

பேசியவர் ஒரு வயதான பட்டிக்கார காக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லொறிக்குள் ஏறினார், விழுந்து கிடந்த மாட்டின் பின்காலைத் தடவிப் பார்த்தார், இறங்கி வந்து அந்த வைத்தியரிடம் சொன்னார்: "மிஸ், கால் முறியல்ல. கயிறு இறுகி மரத்துப்போய் கெடக்கு. எல்லாத்தையும் இறக்கி, தண்ணி காட்டி, நிழலுல போட்டா இது அந்திக்குள்ள எழும்பிரும். ஆனா அந்த மூலையில நிக்கிற சிவலை இருக்கே, அதப் பாருங்க. அதுக்குத்தான் சுகமில்ல." வைத்தியர் சிவலையைப் பார்த்தார். காய்ச்சல். நின்றுகொண்டிருந்ததால் வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

வழக்குப் பதிவானது, லொறிக்காரர் அபராதம் கட்டினார், பெருநாளும் வந்து போனது. அந்தக் காலை மட்டும் எம்மை விடவில்லை. பரிசோதகர் என்றால் வெளியிலிருந்து வருகிற ஆள், எமக்கு எதிரான ஆள் என்ற எண்ணம் எமக்குள் எப்போது வந்தது? இதைத் தேடிக் கொஞ்சம் வாசித்தோம்.

முதலில் எமது பக்கத்துக் கதை. ஹிஸ்பா என்ற சொல்லைக் கலாசாலையில் இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் படித்தபோது, சந்தையில் நிறுவையும் அளவையும் பார்க்கும் அதிகாரி என்று ஒரு வரியில் எழுதி, பரீட்சைக்கு இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டு கடந்துவிட்டோம். அந்த அதிகாரியின் பெயர் முஹ்தஸிப். அவருடைய வேலைப் பட்டியலில் மாடும் ஆடும் ஒட்டகமும் கழுதையும் இருந்ததை எமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பக்தாதில் வாழ்ந்து 1058இல் மறைந்த இமாம் மாவர்தி, ஆட்சி நிர்வாகம் பற்றி எழுதிய 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற நூலில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். கால்நடைக்குத் தீனி போதாமல் வைப்பவரையும், தாங்க முடியாத வேலை வாங்குபவரையும் முஹ்தஸிப் தடுக்க வேண்டும். காழியாருக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் புரிகிறது. காழியாரிடம் முறைப்பாட்டுக்காரர் ஒருவர் போக வேண்டும். முஹ்தஸிப் அப்படியல்ல. கண்முன் தெரிகிற அநியாயத்தில், யாரும் முறையிடாமலே அவர் இறங்கலாம். மாடு எந்த நீதிமன்றத்துக்குப் போய் முறையிடும்? அதேநேரம் மூடிய வீட்டுக்குள் ஒற்றுப் பார்க்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அதிகாரியின் கைக்கு வேலையும் கொடுத்து வேலியும் போட்டிருக்கிறார்கள்.

எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். உரிமையாளர், 'என் மாடு இதைத் தாங்கும், எனக்குத் தெரியாதா?' என்று வாதாடினால் என்ன செய்வது? முஹ்தஸிப் அதை ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்கிறார் மாவர்தி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம்: இது பெரிய சட்ட ஆய்வு தேவைப்படும் விடயமல்ல, அந்த ஊர் மக்களின் வழக்கத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் அறிந்துகொள்ளக் கூடியது. அதாவது ஒரு மாடு எவ்வளவு தாங்கும் என்று மாட்டோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும், அந்த அறிவை வைத்துத்தான் அதிகாரி தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதை வாசித்தபோது லொறிக்குள் ஏறிய அந்தக் காக்காவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் மாவர்தியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்னர் அவருக்கென்று ஒதுக்கி வைத்த இடத்தில்தான் போய் நின்றார்.

இது மாவர்தியோடு தொடங்கியதும் அல்ல. ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்ததும், அதன் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறீர் என்று அது முறையிடுவதாக நபியவர்கள் கண்டித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இந்த ஹதீஸ் எமது பிள்ளைகளுக்கும் தெரியும். அதிகம் தெரியாதது உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கடிதம். அவர் ஆட்சி செய்தது 717 முதல் 720 வரை, மூன்று வருடம் கூட முழுதாக இல்லை. ஷாமில் இருந்துகொண்டு எகிப்திலுள்ள தனது அதிகாரிக்கு எழுதுகிறார்: அங்கே ஒட்டகங்களில் 1000 ராத்தல் ஏற்றுவதாக எனக்குச் செய்தி எட்டியிருக்கிறது, இனி 600 ராத்தலுக்கு மேல் ஏற்றியதாக நான் அறியக்கூடாது. கனமான கடிவாளம் பூட்டுவதையும் இரும்பு முனை வைத்த கோலால் குத்துவதையும் தடுத்து வேறு உத்தரவும் போட்டிருக்கிறார்.

600 என்று கணக்குச் சொன்னது பெரிய விடயம். இரக்கம் காட்டுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் அது குத்பாவாகிப் போயிருக்கும். எண்ணைப் போட்டதால் அது சட்டம், யாரும் நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் எமது கண் போனது வேறொரு இடத்துக்கு. செய்தி எட்டியது என்கிறாரே, யார் எட்டச் செய்தது? எகிப்தின் ஏதோ ஒரு பாதையில் நின்ற ஒருவர், ஒட்டகம் முழங்கால் மடிந்து விழுவதைக் கண்டு மனம் பொறுக்காமல் மேலிடத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய பெயர் எந்தக் கிதாபிலும் இல்லை. அவரையும் அன்றைக்கு யாராவது 'காட்டிக் கொடுத்தவன்' என்று ஏசியிருப்பார்கள்.

ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், ஷாமில் ஷைஸரி என்பவர் முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். அதில் இறைச்சிக்கடைக்காரர் பற்றிய பகுதியை எமது மடுவங்களில் தொங்கவிடலாம். ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது, மொட்டைக் கத்தியால் அறுக்கக்கூடாது, உயிர் அடங்கி உடல் குளிரும்வரை தோல் உரிக்கக்கூடாது, கடை வாசலில் அறுத்துப் பாதையை இரத்தமாக்காமல் மடுவத்தில் அறுக்க வேண்டும். விறகும் வைக்கோலும் கொண்டுவரும் மிருகங்கள் சந்தையில் நிற்கும்போது முதுகிலிருந்து சுமையை இறக்கிவிட வேண்டும், சுமையோடு நிற்பது அவற்றுக்கு வேதனை என்றும் எழுதுகிறார். நின்றுகொண்டிருக்கும் மிருகத்தின் கஷ்டத்தைப் பார்க்க எவ்வளவு கூர்மையான கண் வேண்டும்!

அடுத்த நூற்றாண்டில் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (மறைவு 1262) கால்நடைகளுக்கு மனிதன் செலுத்த வேண்டிய 'உரிமைகள்' என்றே வரிசைப்படுத்துகிறார். கிழடானாலும் நோயானாலும், இனிப் பயனில்லை என்றானாலும் தீனி போட வேண்டும். முட்டி மோதி எலும்பை முறிக்கக் கூடியவற்றோடு சேர்த்து அடைக்கக்கூடாது. குட்டியை அதன் தாயின் கண்முன் அறுக்கக்கூடாது. நாம் மேலே சொன்ன லொறியை இவர் பார்த்திருந்தால், அடைப்பது பற்றிய அந்த ஒரு விதியே போதும், லொறி நகர்ந்திருக்காது.

இனி மற்றப் பக்கம். இன்று எமது நாட்டில் கால்நடை வைத்தியரும் பரிசோதகரும் கையில் பிடித்திருக்கும் சட்டங்களின் வேர் ஹிஸ்பாவில் இல்லை. அது ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அவர்களுடைய ஊரில் அது எப்படி முளைத்தது என்பது தனிக் கதை.

1822இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மாடு, செம்மறி, குதிரை, கழுதை போன்றவற்றைக் கொடுமையாக அடித்தால் 10 ஷில்லிங் முதல் 5 பவுண் வரை அபராதம். கொண்டுவந்தவர் அயர்லாந்தின் கோல்வே தொகுதிக்காரர் ரிச்சர்ட் மார்டின். முந்திய வருடம் இதே யோசனை வந்தபோது சபையில் சிரித்தார்களாம், அடுத்தது நாய்க்கும் பூனைக்கும் சட்டமா என்று. சட்டம் நிறைவேறியது, சரி. அமுல்படுத்த ஆள்? லண்டன் மாநகரப் பொலிஸ் உருவானதே 1829இல்தான். யாராவது ஒருவர் நீதவானிடம் போய்ச் சத்தியம் செய்து முறையிட்டால்தான் வழக்கு. மார்டின் தானே தெருவில் இறங்கினார். லண்டனின் பெரிய மாட்டுச் சந்தையான ஸ்மித்பீல்டில் அடித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் நிறுத்தினார். ஒரு கழுதையையே நீதிமன்றத்துக்குள் கொண்டுபோய்க் காயத்தைக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது, அதை ஓவியமாகவும் வரைந்திருக்கிறார்கள்.

ஒரு மனிதரால் எவ்வளவு முடியும்? ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் தன் சொந்தப் பணத்தில் ஆள் வைத்து ஸ்மித்பீல்ட் சந்தையைக் கண்காணிக்கச் செய்தார். 1824 ஜூனில் அவரும் மார்டினும் வேறு சிலரும் ஒரு கோப்பிக் கடையில் கூடி விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்தக் கடையின் பெயர் 'ஓல்ட் ஸ்லோட்டர்ஸ்'. ஸ்லோட்டர் என்றால் அறுப்பு, கடை ஆரம்பித்தவரின் பெயர் அது, தற்செயல்தான். சங்கத்துக்காகக் கடன்பட்ட புரூம் 1826இல் கடனாளிச் சிறைக்குப் போனார். பரிசோதகருக்குச் சம்பளம் கொடுத்ததால் சிறைக்குப் போன மனிதர்!

அவருக்குப் பிறகு செயலாளராகி, சங்கத்தைக் கடனிலிருந்து தூக்கி நிறுத்தியவர் லூவிஸ் கொம்பர்ட்ஸ், ஒரு யூதர். இறைச்சி உண்ணாதவர், மிருகம் இழுக்கும் வண்டியிலும் ஏறாதவர். 1832இல் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது: இது முற்றிலும் கிறிஸ்தவ நெறிகளின் மேல் நிற்கும் சங்கம். கொம்பர்ட்ஸுக்கு அங்கே இடமில்லாமல் போனது. விலகினார். உங்கள் விலங்கு நலமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம் என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. 'விலங்குகளின் நண்பர்' என்று வேறொரு சங்கம் ஆரம்பித்து, அதே வேலையைத் தொடர்ந்து செய்தார்.

இந்த மனிதரைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்று உங்களுக்குப் புரியும். எமது காயம் பொய்யல்ல. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக நாடெங்கும் நடந்த பிரசாரத்தை நாம் மறக்கவில்லை. அதே வருடம் மே மாதம் மாடறுப்பை எதிர்த்து ஒரு பிக்கு கண்டியில் தீக்குளித்தார். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாட்டின் மேல் கருணை என்று மேடையில் பேசியவர்கள் சிலர் மாட்டைப் பார்த்துப் பேசவில்லை, எம்மைப் பார்த்துப் பேசினார்கள். ஆகவே பரிசோதகரின் ஜீப் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருணை என்ற சொல்லை வேறொருவர் எமக்கு எதிராகப் பாவித்தார் என்பதற்காக, லொறிக்குள் விழுந்து கிடக்கும் மாட்டைப் போர்வை போட்டு மறைப்பதா பதில்? கொம்பர்ட்ஸிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இலங்கைக்கு வருவோம். மாடும் மாட்டுச் சட்டமும் எமக்குப் புதிதல்ல. கண்டி இராச்சியத்தின் காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிப்போய், பாக்கு ஏற்றித் திரும்பிய தவள மாட்டு வியாபாரிகளில் பெரும்பங்கினர் எமது முன்னோர். அரசனின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே பத்த'வில் முஸ்லிம்கள் பணி செய்தார்கள். குருநாகல் பக்கத்தில் 'மடிகே' என்று தொடங்கும் முஸ்லிம் ஊர்கள் அதன் ஞாபகம். காட்டுப் பாதையில் பொதி மாட்டின் முதுகு புண்ணாகிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். அந்த மூத்தாப்பாமாருக்கு மாட்டின் முதுகைப் பார்க்கப் பரிசோதகர் தேவைப்பட்டிருக்காது.

1893இல் இறைச்சி வியாபாரிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அறுப்பவருக்கு அனுமதிப்பத்திரம், அறுப்பதற்கென்று இடம், அறுக்குமுன் பரிசோதனை. 1907இன் 13ஆம் இலக்கச் சட்டம் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுத்தது. அளவுக்கு மிஞ்சி ஓட்டுவது, அளவுக்கு மிஞ்சி ஏற்றுவது, வேதனைப்படும்படி கட்டிக்கொண்டு போவது எல்லாம் குற்றம். அதில் எழுதிய உச்ச அபராதம் 100 ரூபா. 1907இல் அது பெரிய காசு, இன்று இரண்டு பிளேன்டீ. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைத் தயாரித்தது, அதன் பிறகு பேச்சுத்தான் நீண்டது. 1958இன் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம்தான் குறி சுடுதல், உரிமைச் சான்று, மாடு கொண்டுபோக பெர்மிட் என்று எமது பட்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சட்டம்.

பெர்மிட் என்றாலே அலைச்சல் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அலைச்சல் உண்மைதான். ஒரு கையெழுத்துக்கு மூன்று தரம் கந்தோர் ஏறிய பட்டிக்காரர்களை எமக்குத் தெரியும், அதிகாரிகளும் இதைக் கேட்க வேண்டும். ஆனால் பெர்மிட்டில் 'எட்டு' என்று எழுதுவதும், உமர் இப்னு அப்துல் அஸீஸ் 'அறுநூறு' என்று எழுதியதும் ஒரே வேலை. களவு மாடு எது, நோய் மாடு எது என்று தெரிவதும் அந்தக் கடதாசியால்தான். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அந்த இறைச்சி சந்தைக்கு வந்துவிடாமல் மாகாணங்களுக்கிடையே இறைச்சி கொண்டுசெல்வதைத் தடுத்து வைத்தார்கள். அன்று சேற்றுக்குள் இறங்கி, செத்த மாடுகளைப் பரிசோதித்தவர்களும் இதே கால்நடை வைத்தியர்கள்தான். அன்றைக்கு அவர்களை யாரும் மார்க்கத்துக்கு எதிரி என்று சொல்லவில்லை.

லொறிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று அவர் எம்மிடம் சொன்னார்: "சேர், தலைக்கு இவ்வளவுதான் கூலி. எட்டு ஏத்தினா டீசலுக்கும் காணாது. நீங்கதானே வெலயக் கொறைக்கச் சொல்றீங்க." பதில் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு வாங்கும்போது பங்கொன்றுக்கு ஆயிரம் ரூபா குறைத்துப் பேசியவர்களில் நாமும் இருந்தோம். நான்கு மாடு கூடுதலாக ஏறியது அந்த ஆயிரத்தால்தான். அபராதம் கட்டியது மட்டும் அவர்.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உழ்ஹிய்யா காலத்தில் வெளியிடும் வழிகாட்டல்களில் நாட்டின் சட்டத்தைப் பேணுங்கள் என்பதும் இருக்கிறது. பள்ளிவாசல் பலகையில் ஒட்டுகிறோம். நேரம் எழுதிய தாளைத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

இந்த வருடம் கொஞ்சம் வேறு மாதிரிச் செய்து பார்க்க நிர்வாகத்தோடு பேசியிருக்கிறோம். மாடு வருமுன்னரே கால்நடை வைத்தியருக்கும் பரிசோதகருக்கும் நாள், நேரம், எத்தனை மாடு என்று நாமே எழுதிக் கொடுப்பது. இறக்குவதற்கு மைதானத்தில் மண் மேடு கட்டுவது, லொறியிலிருந்து குதிக்க வைத்துக் கால் உடைக்காமல் இருக்க. நிழலுக்கு ஒரு கொட்டில், தண்ணீர்த் தொட்டி. லொறிக் கூலியைத் தலைக்கு இல்லாமல் ஓட்டத்துக்குப் பேசுவது, கூடும் செலவைப் பங்குகளில் சேர்த்துக்கொள்வது. பரிசோதனை நடக்கும்போது கூட நிற்க மாடு தெரிந்த மூன்று பேர். பெயர் எழுதப் போனபோது முதலில் அந்தக் காக்காவிடம்தான் போனோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் மண்டபத்தில் கூடுகிறோம். வைத்தியரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் கட்டாயம் வாருங்கள், அன்று வீடியோ எடுத்தவர்களும்தான். காக்கா வருவார், ஆனால் மழை பெய்தால் வரமாட்டாராம். பட்டியில் இரண்டு கன்று போட்டிருக்கிறதாம், நனைய விட ஏலாதாம்.